ரங்கூன் ஆட்கள் ஊர் திரும்பிய பிறகு

திருத்தணிக் கடைத்தெருவில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "எப்ப வந்தே, எப்ப போறே?" வெற்றிலைக் கடைக்காரர் கேட்டார். ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவர் கேட்டார். எங்கள் பக்கத்துப் பெரிய நிலக்காரரான நாயுடுவின் வண்டிக்காரன் தெலுங்கில் "எப்புடு போத்தாவு?" என்றான். பன்னிரண்டு வருஷ ரங்கூன் வாசத்தில் இரண்டு தடவை லீவில் வந்திருக்கிறேன். அப்போதும் இதையே கேட்டார்கள். அது குசலம் விசாரிக்கிற மாதிரி. கப்பல் என்றைக்கு என்று சொன்னால் போதும், அடுத்த முறை வரும்போது ஒரு குடையோ லுங்கியோ கொண்டு வரச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இப்போது ரங்கூனே ஜப்பான்காரன் கையில் இருந்தது. போவதற்குக் கப்பலும் இல்லை. ஆனாலும் கேள்வி மாறவில்லை. "போவலிங்க" என்று சொன்னால் காதில் விழாதவர்களைப் போல மறுபடியும் கேட்டார்கள். சில நாளில் "பாக்கலாங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அந்தப் பதில் எல்லாருக்கும் திருப்தியாக இருந்தது.

என்னைப் போல் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களுக்காகவும், எங்கள் மணியார்டரை நம்பி இங்கே குடும்பம் நடத்தியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நடந்து வந்த கதையைப் பலர் சொல்லிவிட்டார்கள். குண்டு விழுந்த காலை, புரோம் வரைக்கும் கிடைத்த வண்டி, அதற்கப்புறம் மலை, தண்ணீர் இல்லாத பாதை, வழியில் உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்தபடியே இருந்துவிட்டது, கடற்கரையில் கப்பலுக்காகக் காலராவோடு காத்துக் கிடந்தது, எல்லாம் எனக்கும் நடந்தது. எங்கள் ஊரிலிருந்து போனவர்களில் மூன்று பேர் அந்த மலையைத் தாண்டவில்லை. நான் தாண்டினேன். காய்ச்சலோடு கல்கத்தா வந்து, அங்கிருந்து மதராஸ் வந்து, அரக்கோணத்தில் வண்டி மாறி, ஒரு சித்திரை மாதத்து மத்தியானத்தில் திருத்தணி ஸ்டேஷனில் இறங்கினேன். நான் சொல்ல வந்தது அதற்கப்புறம் நடந்தது.

எங்கள் ஊர் திருத்தணியிலிருந்து மூன்று மைல். எங்கள் தெரு ஊரைவிட்டுத் தள்ளி, ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது. பாதி வீடு கிறிஸ்தவர்கள், பாதி வீடு மலை முருகனைக் கும்பிடுகிறவர்கள். தொழில் எல்லாருக்கும் ஒன்றுதான், நாயுடுவின் நிலத்தில் கூலி. மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுதப் படிக்கக் கற்ற என்னைப் போன்ற சிலரும், மூட்டை தூக்கத் தோள் உள்ள வேறு சிலரும் ரங்கூனுக்குப் போனோம். பஸுண்டௌங் ஓடைக்கரையில் ஓர் அரிசி ஆலையில் நான் மூட்டை எண்ணும் குமாஸ்தா. மற்றவர்கள் அதே மூட்டையைத் தூக்குகிறவர்கள். பர்மாக்காரர்கள் எங்கள் எல்லாரையும் 'காலா' என்று ஒரே பேரில் கூப்பிட்டார்கள். கடல் தாண்டி வந்தவன் என்று அதற்கு அர்த்தம் என்று ஒருவர் சொன்னார். வேறு அர்த்தம் என்று இன்னொருவர் சொன்னார். நாங்கள் அதை விசாரிக்கவில்லை. மாதம் பிறந்தால் மணியார்டர் அனுப்பினோம்.

அந்தப் பணம் ஊரில் என்ன செய்தது என்பது அனுப்பிய எங்களுக்குத் தெரியாது. வீட்டுக்கு ஓடு வரும், சோற்றில் நெல் அரிசி இருக்கும், அவ்வளவுதான் நினைத்தோம். திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது, பணத்தைவிட நாங்கள் இல்லாததுதான் ஊருக்கு அதிகம் செய்திருக்கிறது. இத்தனை ஆண்கள் போய்விட்டதால் நாயுடுவுக்கு அறுவடைக்கு ஆள் போதவில்லை. அவருடைய மேஸ்திரி தெருவுக்குள் வந்து, வாசலில் நின்று, "நாளைக்கு வரியாப்பா?" என்று கேட்கும் நிலை வந்தது. இரண்டு படி நெல்லாக இருந்த நாள் கூலி நான்கு படி ஆயிற்று. கடல் பக்கமே போகாத என் அக்காள் புருஷன், எங்கள் வழக்கப்படி நான் பாவா என்று கூப்பிடுகிற ஏசுரத்தினம், அந்த நான்கு படியில்தான் தலை நிமிர்ந்தார். ஊரில் அவரைப் போல் கதிர் அறுக்கவும் கிணறு வெட்டவும் ஆள் கிடையாது. எந்த வயலுக்கு முதலில் போவது என்று அவரே தீர்மானிப்பார். மேஸ்திரி காத்திருப்பார்.

முதல் சில மாதங்கள் திருவிழா மாதிரி இருந்தன. புருஷன் உயிரோடு வந்தால் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்ட பெண்கள் அந்த ஆடிக் கிருத்திகைக்கு மலைக்குப் போனார்கள். ரங்கூனில் கிராப்பு வைத்துத் திரிந்தவர்கள் மொட்டைத் தலையோடு படியிறங்கி வந்தார்கள். பூக்கடைக்காரர்களுக்கும் நாவிதர்களுக்கும் நல்ல வியாபாரம். கிறிஸ்தவர்களான நாங்கள் எங்கள் மிஷன் கோவிலில் ஒரு ஸ்தோத்திர ஆராதனை வைத்தோம். அதற்கப்புறம் புரட்டாசிக்குள் ஓடுகள் கழற்றி விற்கப்பட்டதைப் பார்த்தேன். தபால்காரருக்கு எங்கள் தெருவில் மோர் கொடுத்து உட்கார வைப்பது வழக்கம்; இப்போது அவர் சைக்கிளை நிறுத்தாமலே ஏரிக்கரை வழியாகப் போனார். பர்மா அரிசி வராததால் கடையில் அரிசி விலை ஏறியது. அரிசியை மூட்டை மூட்டையாக எண்ணி ஏற்றி அனுப்பிய நான் கேழ்வரகுக் கூழ் குடித்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி கிருபையிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் அனுப்பியதை வைத்து ஏரிக்கு மேற்கே ஓர் ஏக்கர் மேட்டு நிலம் வாங்கியிருந்தாள். அதில் பாவா கிணறு வெட்டிக்கொண்டிருந்தார். இரண்டு ஆள் ஆழம் போனபோது மணியார்டர் நின்றது. கிணறும் நின்றது. அவளுக்கு நான் ஒரு கையெழுத்தாகப் பழக்கப்பட்டிருந்தேன். ஆளாக வந்து உட்கார்ந்தபோது என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. எதை விற்பது, யாரிடம் கேட்பது என்று எல்லாம் அவளே முடிவு செய்து பழகியவள். இப்போது ஒவ்வொன்றுக்கும் என் முகத்தைப் பார்த்தாள். எனக்கோ ஊர் விலை ஒன்றும் தெரியாது. நான் ஏதாவது சொல்லுவேன். "ஆங்" என்று கேட்டுக்கொண்டு, தான் முதலில் நினைத்ததையே செய்வாள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அவள் சொன்னபடி செய்திருந்தால் அடுத்து நடந்தது நடந்திருக்காது.

தை மாதம் சம்பா அறுவடை வந்தது. நாயுடு களத்தில் வேலை கேட்கப் போகப் போவதாகச் சொன்னேன். பாவாவைக் கூட அழைத்துக்கொண்டு போகச் சொன்னாள் கிருபை. இதற்கெல்லாம் துணை எதற்கு என்று தனியாகப் போனேன். மேஸ்திரி களத்து ஓரம் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நல்ல மரியாதையாகத்தான் பேசினார். ரங்கூன் குமாஸ்தா வெயிலில் அறுப்பாயா என்று சிரித்தார். அறுப்பேன் என்றேன். என்ன கூலி எதிர்பார்க்கிறாய் என்று கேட்டார்.

ரங்கூனில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் உண்டு. ஆலை முதலாளியானாலும் படகுக்காரனானாலும் கேட்டவுடன் தொகை சொல்வது அநாகரிகம். நீங்கள் பார்த்துக் கொடுங்கள் என்று சொல்ல வேண்டும். அவர் ஒன்று சொல்லுவார். நாம் சிரிப்போம். அப்புறம்தான் உண்மையான பேரம் தொடங்கும். பன்னிரண்டு வருஷம் அப்படித்தான் பேசியிருக்கிறேன். இங்கேயும் அதையே சொன்னேன்.

"நீங்க குடுக்கறதைக் குடுங்க."

மேஸ்திரி தலையாட்டினார். "சரி," என்றார். நான் அவர் தொகை சொல்வதற்காகக் காத்திருந்தேன். அவர் எழுந்து களத்துக்குள் போய்விட்டார்.

அன்று மாலை எல்லாருக்கும் இரண்டு படி அளந்தார்கள். யாரோ நியாயம் கேட்டார்கள். மேஸ்திரி என்னைக் கையால் காட்டினார். "படிச்சவன் அவனே சொல்டான், குடுக்கறதைக் குடுங்கன்னு. ரங்கூன்லேர்ந்து வந்தவன் இத்தினி பேர் நிக்கறான். இஷ்டம்னா அறுங்க, இல்லைன்னா வூட்டுக்குப் போங்க."

ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. போக முடியாது என்பது மேஸ்திரிக்குத் தெரியும். மூட்டை தூக்கிப் பழகிய தோள்கள் பத்துப் பதினைந்து அங்கே வேலைக்கு நின்றன. நான் சொல்லாமல் இருந்தாலும் கூலி அந்தத் தையிலோ அடுத்த தையிலோ இறங்கித்தான் இருக்கும். இதை இன்று என்னால் நிதானமாக எழுத முடிகிறது. ஆனால் ஊருக்குக் காரணம் என்று ஒன்று வேண்டும். என் வாயிலிருந்து அது விழுந்திருந்தது. பாவா தன் இரண்டு படியைத் துண்டில் முடிந்துகொண்டு, என் பக்கம் திரும்பாமல் நடந்தார். மறுநாளிலிருந்து களத்துக்கு வரவில்லை. அவர் இடத்துக்கு ரங்கூனில் மூட்டை தூக்கிய ஒருவனை வைத்துக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் ஏறக்குறைய இரண்டு மாதம் பாவா என்னோடு பேசவில்லை. தெருவில் எதிரே வந்தால் ஏரிப் பக்கம் இறங்கிப் போவார். அக்காள் வந்து போவாள், புருஷனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். அவள் ஒரு நாள் வந்து வெறும் கையோடு திரும்பிப் போன பிறகு, கிருபை எனக்குத் தெரியாத ஒரு விஷயத்தைச் சொன்னாள். மணியார்டர் வந்த காலம் முழுக்க, ஒவ்வொரு தடவையும் அதில் ஒரு பங்கு அக்காள் வீட்டுக்குப் போயிருக்கிறது. கிணறு வெட்டிய கூலி என்று பேர். கிணற்றில் வேலை இல்லாத மாதங்களிலும் போயிருக்கிறது. பாவாவுக்கு அது தெரியும். கை நீட்டி வாங்கியதில்லை என்று அவர் நினைத்துக்கொள்ள கிருபை இடம் விட்டுக் கொடுத்திருக்கிறாள். ஆக, நான் வந்ததால் பாவாவுக்கு இரண்டு பக்கமும் போயிற்று. மணியார்டர் நின்றது, நான்கு படியும் போனது.

"முன்னாடியே ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"அனுப்புறவரு நீங்க. செலவு பண்றவ நான்," என்றாள். "கேட்டிருந்தா வாணாம்னா சொல்லியிருப்பீங்க?"

வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் எழுதி அனுப்பும்போது ஒரு பெருமையோடு அனுப்பியிருப்பேன். அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

நாயுடு களத்துக்குப் போவதை நிறுத்திவிட்டு, நின்று போன கிணற்றில் நானே இறங்கினேன். கோபத்தில் செய்தேன் என்றோ வெட்கத்தில் செய்தேன் என்றோ பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வேறு வேலையும் இல்லை. கடப்பாரை பிடித்துப் பழக்கம் இல்லாத கை. மூன்றாம் நாள் தோல் உரிந்தது. பாறை ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. நாலாம் நாள் காலையில் மேலே நிழல் தெரிந்தது. பாவா கிணற்று விளிம்பில் குந்திக்கொண்டு, நான் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"யார்ரா உனக்கு இப்பிடி வெட்டச் சொல்லிக் குடுத்தது?" என்றார். பதில் சொல்வதற்குள் கயிற்றைப் பிடித்து இறங்கி, கடப்பாரையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பாறையில் ஒரு கோடு இருப்பதைக் காட்டினார். அந்தக் கோட்டில் நாலு குத்து விட்டார். நான் மூன்று நாளாக மோதிய கல் இரண்டாகப் பிளந்தது. அவர் முகத்தில் ஒரு பெருமையும் இல்லை. கூடையில் கல்லை அள்ளச் சொன்னார். அள்ளினேன். வெயில் ஏறும் வரை அப்படியே வேலை செய்தோம். பிறகு கிணற்றுக்குள் இருந்த துண்டு நிழலில் உட்கார்ந்தோம்.

"சாமுவேலு, உனக்கு ஊர்ப் பேச்சு மறந்து போச்சு," என்றார். "அங்க ஒருத்தன் சொன்னா ஒருத்தன் சொன்னது. இங்க ஒருத்தன் சொன்னா தெருவே சொன்னது. அது தெரியாம பூட்ட நீ."

"ஆமாங்க பாவா," என்றேன். மன்னிப்புக் கேட்க எங்கள் பேச்சில் வார்த்தை இல்லை. ஆராதனையில் இருக்கிறது, கிணற்றில் இல்லை.

அந்த வருஷம்தான் அரக்கோணத்தில் விமானம் இறங்கும் மைதானம் போட ஆள் எடுத்தார்கள். மண் அடிக்க, கல் உடைக்க, எத்தனை பேர் வந்தாலும் வேலை இருந்தது. பாவாவும் நானும் முதலில் போனோம். பிறகு எங்கள் தெருவில் ரங்கூனிலிருந்து வந்த எல்லாரும் வந்தார்கள். விடியற்காலைப் பாசஞ்சரில் போய் மாலையில் திரும்புவோம். எனக்கு ஆள் எண்ணும் வேலை கொடுத்தார்கள். மூட்டைக்குப் பதில் மனிதர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அங்கே ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் நான் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டான். பர்மா என்றேன். என் நிறத்தைப் பார்த்துவிட்டு, பர்மாக்காரர்கள் இப்படி இருப்பார்கள் என்று தனக்குத் தெரியாது என்றான். திருத்திச் சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. மைதானம் முடியும் வரை அவனுக்கு நான் பர்மாக்காரன்தான்.

அடுத்த தையில் நாயுடுவின் நெல் முற்றி வயலிலேயே சாய்ந்து கிடந்தது. ஆள் இல்லை. மேஸ்திரி மறுபடி எங்கள் தெருவுக்கு வந்து வாசலில் நின்றார். கூலி மூன்று படி ஆயிற்று, பிறகு நான்கு. தூரத்திலிருந்து ரங்கூன் செய்த வேலையை எட்டு மைலில் அரக்கோணம் செய்தது. கிணற்றிலும் தண்ணீர் கண்டது. அதிகம் இல்லை, அரை ஏக்கர் நனையும். கிருபை கத்தரியும் மிளகாயும் வைத்தாள்.

யுத்தம் முடிந்தது. மைதான வேலையும் நின்றது. எல்லாரும் மறுபடியும் ஒரே சமயத்தில் ஊருக்குள் வந்து நின்றோம். மேஸ்திரி வாசலுக்கு வருவதை நிறுத்தினார். என்ன வரப்போகிறது என்பது இந்தத் தடவை எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. அந்தச் சமயத்தில்தான் ரங்கூன் துறைமுகத்தைச் செப்பனிட மதராஸில் ஆள் சேர்க்கிறார்கள் என்று செய்தி வந்தது. நான்தான் போக வேண்டும் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. பாஷை தெரியும், தெரு தெரியும். கிருபை என் சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்தாள். போங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்குப் போக ஆசையா என்று யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்த மலைப்பாதை இன்னும் என் கால்களில் இருந்தது. ஆனால் ஓடைக்கரையில் காலை நேரத்து ங்கப்பி வாடை நினைவுக்கு வந்தால், ஊரில் யாருமே சகிக்காத அந்த அழுகின மீன் நாற்றம், எனக்குப் பசி எடுத்தது.

வழியனுப்ப பாவா மதராஸ் வரை வந்தார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையில் டாக்டர் ஒருவர் வரிசையாக நிற்க வைத்துப் பார்த்தார். என் முறை வந்தது. விலாவுக்குக் கீழே விரலால் அழுத்தினார். மலையில் பிடித்த காய்ச்சல் மண்ணீரலை வீங்க வைத்திருக்கிறது, மூட்டை தூக்கினால் வெடித்துவிடும் என்று கம்பவுண்டர் தமிழில் சொன்னார். குமாஸ்தா வேலை செய்வேன் என்றேன். குமாஸ்தா தேவையில்லை என்றார்கள். வெளியே வந்து பாவாவிடம் சொன்னேன். அவர் என் வயிற்றைப் பார்த்தார், பிறகு வரிசையைப் பார்த்தார்.

"நான் நிக்கறேன்," என்றார்.

வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். அக்காளிடம் என்ன சொல்வது என்று கேட்டேன். நாற்பது வயசுக்கு மேல் கடல் தாண்டி என்ன செய்யப்போகிறீர்கள் என்றேன். அவர் கேட்டுக்கொண்டே மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"யாராச்சும் ஒருத்தன் போவணும்டா. போனாத்தான் இங்க கீறவனுக்குக் கூலி. நாலு வருசமா அதைத்தானே பாத்துகினு கீறோம்," என்றார். "மேஸ்திரி வந்தா நீ பேசாத. உன் அக்காளைப் பேசச் சொல்லு."

டாக்டர் அவரை ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. கிணறு வெட்டிய உடம்பு. நான் மடித்துக் கொண்டுவந்த சட்டைகளை அவரிடமே கொடுத்தேன். போட்டுப் பார்த்தார், தோளில் இறுக்கிப் பிடித்தது. நான் தனியாகத் திருத்தணிக்குத் திரும்பினேன். அக்காள் அழுதாள், என்னைத் திட்டினாள், மூன்றாம் நாள் களத்துக்குப் போய் மேஸ்திரியிடம் பேசினாள். பாவாவோடு மேலும் சிலர் போனதால் ஆள் கொஞ்சம் குறைந்திருந்தது. மூன்றரைப் படிக்கு முடித்துக்கொண்டு வந்தாள். இப்போது எங்கள் தெருவில் கூலி பேசுவது அவள்தான்.

பாவாவின் மணியார்டர் வருகிறது. அக்காளுக்கு வரும் கடிதத்தை நான்தான் படித்துக் காட்டுகிறேன், பதிலும் நான்தான் எழுதுகிறேன். பாவாவுக்கு எழுதத் தெரியாது. அங்கே யாரோ ஒருவர் எழுதித் தருகிறார். அந்தக் கையெழுத்துக்குள்ளும் அவர் குரல் கேட்கிறது. ரங்கூனைப் பற்றி அவர் அதிகம் சொல்வதில்லை. மழை விடவில்லை, சோறு கிடைக்கிறது, அவ்வளவுதான். மீதி எல்லாம் கேள்வி. ஏரி மதகைச் சரி பண்ணினார்களா, நாயுடுவின் மூலை வயலில் இந்தப் போகம் என்ன நட்டார்கள், மேற்கு ஓரம் எப்போதும் முந்திப் பழுக்குமே, பழுத்ததா. நான் அக்காள் சொல்வதையெல்லாம் எழுதி முடித்த பிறகு, கடைசியில் என் பங்குக்கு இரண்டு வரி சேர்ப்பேன். ஓடைக்கரையில் நான் இருந்த வீட்டு வரிசை நிற்கிறதா, ஆலையின் புகைக்கூண்டு குண்டுக்குத் தப்பியதா, திரும்பும் முனையில் டீக்கடை வைத்திருந்த மலையாளி வந்துவிட்டானா. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து எழுதுவதாகச் சொன்னார்.

போன வாரம் நான் ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போகாமல் நாயுடுவின் மூலை வயலுக்கு நடந்தேன். பன்னிரண்டு வருஷம் நெல்லை மூட்டையில் மட்டுமே பார்த்தவன், அறுத்தபோதும் கவனித்துப் பார்த்ததில்லை. வரப்பில் குனிந்து ஒரு கதிரைக் கையில் ஏந்தி, மணியை நகத்தால் கீறினேன். பால் வரவில்லை, கெட்டியாகிவிட்டிருந்தது. மேற்கு ஓரம் முந்தித்தான் பழுத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை, பர்மாவில் நம்மைவிடக் கொஞ்சம் முன்னதாகவே பொழுது ஏறியிருக்கும். அந்நேரம் என் சட்டையைப் போட்டுக்கொண்டு பாவா என் தெருவில் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு நடந்திருப்பார். நான் அவருடைய வயலில் நின்றுகொண்டிருந்தேன்.